இயற்கைப் புவியியலுக்கு ஓர் இளம் ஆசிரியர் வேண்டும், நேர்காணலில் எதைப் பார்ப்பது?

கரிசல்காரன்:

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் புறம், கேரளத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறையில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். உதவிப் பேராசிரியர் பணியிடம் ஒன்றுக்கு ஆள் கேட்டிருக்கிறோம். இயற்கைப் புவியியல், ஒப்பந்த நியமனம், முதலில் ஒரு வருடம். 23 விண்ணப்பம் வந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசி ஆய்வேடுகள் ஒரே அச்சு: ஒரு தாலுகாவின் பெயர், அப்புறம் 'நிலப் பயன்பாட்டு மாற்றம்', அப்புறம் 'தொலையுணர்வு, ஜிஐஎஸ் வழியாக' (செயற்கைக்கோள் படமும் கணினி வரைபடமும்). தாலுகாவை மாற்றிப் போட்டால் இன்னொருவரின் ஆய்வேடு ஆகிவிடும்.

எனக்குத் தேவை வேறு. எங்களிடம் முன்பு இருந்த மாஷ் (ஆசிரியரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமை என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், மூலத்தறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று, எங்கே ஓடைக்கரை இடிந்து மண் அடுக்கு தெரிகிறதோ அங்கே வண்டியை நிறுத்தச் சொல்வார். அவர் போனதும் அதெல்லாம் நின்றுபோயிற்று. வான்படத்தை மேடுபள்ளமாகப் பார்க்கிற ஸ்டீரியோஸ்கோப் ஒரு கால் துருப்பிடித்து பீரோவுக்குள் கிடக்கிறது. போன பருவத்தில் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் 58பி/13 டோப்போஷீட்டை (நில அமைப்பு வரைபடம்) விரித்து, வாளையார்ப் பக்கம் மலையில் நெருக்கியடித்து வந்த சமவுயரக் கோடுகள் தெற்கே வந்ததும் ஏன் இப்படி விலகிப் போகின்றன என்று கேட்டேன். "அச்சுப் பிழையா சார்?" என்றான். அவன் வீடு பாலக்காட்டுக் கணவாய்க்குள்ளேயேதான் இருக்கிறது. ஜூன் மாதம் அவன் வீட்டு ஓட்டைத் தூக்குகிற காற்று அந்த முப்பது கிலோமீட்டர் இடைவெளி வழியாகத்தான் வருகிறது.

இருபது நிமிட நேர்காணலில் ஒருவருக்கு நிலத்தைப் படிக்கத் தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஏழாவது நெட்:

முதலில் சம்பளத்தைச் சொல்லுங்கள் சார். நிலத்தைப் படிக்கிறவனா, நட்சத்திரத்தைப் படிக்கிறவனா என்பதெல்லாம் அப்புறம்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையிலேயே ஒப்பந்த ஆசிரியருக்கு நிரந்தர உதவிப் பேராசிரியர் வாங்கும் மொத்த மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒப்பந்த ஆட்கள் மொத்தப் பணியிடத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது. நிரந்தரத்துக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700. உங்கள் அறிவிப்பில் என்ன தொகை? நான் எல்லைக்கு அந்தப் பக்கம் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, மே மாதம் அதுவும் கிடையாது. இதில் சனிக்கிழமை ஓடைக்கரைக்கு வேறு போகவேண்டுமாம்.

நெட் (தேசியத் தகுதித் தேர்வு) பற்றிக் கேட்காதீர்கள். 2024 ஜூன் 18 எழுதிவிட்டு இந்த முறை நிச்சயம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்தேன், மறுநாள் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள்.

கரிசல்காரன்:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. அறிவிப்பில் இருப்பது தொகுப்பூதியம். அந்தத் தொகையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அதை முடிவு செய்தது நான் இல்லை என்பது ஒரு பதிலே ஆகாது, தெரியும்.

குப்பத்து ஆள்:

நான் 'சித்தூர்' என்றதும் நம்ம ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து ஆசையாக உள்ளே வந்தேன். அழைப்புக் கடிதத்தில் மாவட்டம், மாநிலம் இரண்டையும் கொட்டை எழுத்தில் போடுங்கள் ஐயா. யாராவது காட்பாடியில் இறங்கி ஆந்திரா பஸ் ஏறிவிடப் போகிறார்கள்.

இன்னொன்று. பாடத்தின் பெயரையும் தெளிவாகப் போடுங்கள். இங்கே ஒரு இடத்தில் அலுவலகத்துக்காரர் பூகோளத்துக்கும் பூகர்ப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் விளம்பரம் கொடுத்து, பாறை சுத்தியலோடு ஜியாலஜி ஆட்கள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழிலும் அதே கதைதான், புவியியல் என்றால் ஒருவருக்கு ஜியாகிரபி, இன்னொருவருக்கு ஜியாலஜி. உங்கள் பக்கம் பூமிசாஸ்திரம் என்பார்கள் அல்லவா, அது இன்னும் குழப்பம்.

கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் திருமலைப் படத்தைக் காட்டித்தான் ஆளை எடைபோடுவார். மலைப்பாதையில் கிரானைட் பாறைக்கு மேலே குவார்ட்சைட் அப்படியே பலகை அடுக்கினது மாதிரி உட்கார்ந்திருக்கும், நடுவில் கோடிக்கணக்கான வருட இடைவெளி, தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம். லட்சம் பேர் கோவிந்தா சொல்லிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறோம். படத்தைக் காட்டி, 'இங்கே என்ன காணவில்லை?' என்று மட்டும் கேட்பார். என்ன இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். காணாமல் போனது காலம் என்று சொல்கிறவர் ஒருவரோ இருவரோதான்.

ஓய்வுபெற்ற அளவுகோல்:

நான் கோவையிலும் வேறு இரண்டு இடத்திலும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவன். கரிசல்காரன் தம்பிக்கு விதி எவ்வளவு இடம் தருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது.

மதிப்பெண் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு இளங்கலை 15, முதுகலை 25, முனைவர் பட்டம் 30, ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) உடன் நெட் என்றால் 7, வெறும் நெட் 5, கட்டுரைகளுக்கு 10, அனுபவத்துக்கு 10, விருதுக்கு 3. எல்லோரும் இதையே வேதமாகப் பிடித்துக்கொண்டு கூட்டிக் கழிக்கிறார்கள். ஆனால் அதே விதிமுறையில், இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு ஆளைச் சுருக்கத்தான், தேர்வு நேர்காணலில் எப்படிச் செய்கிறார் என்பதை வைத்துத்தான் என்று இருக்கிறது. கட்டுரைக்கு இரண்டிரண்டு மதிப்பெண்தான், ஐந்து கட்டுரைக்கு மேல் எழுதினாலும் பத்தோடு சரி. முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2021-இல் இருந்து என்றார்கள், தள்ளிப் போட்டார்கள், 2023 ஜூலையில் நெட், அல்லது செட், ஸ்லெட் என்கிற மாநிலத் தகுதித் தேர்வு போதும், முனைவர் பட்டம் விருப்பம்போல் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே நிலம் படிக்கத் தெரிந்தவரை எடுக்க விதி உங்கள் கையைக் கட்டவில்லை.

கட்டுவது வேறு. நாளைக்கு ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் காட்ட உங்களிடம் தாள் இருக்கவேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே அச்சடித்த தாள், வெளி நிபுணர் இரண்டு பேராவது கையெழுத்து. இது இல்லாமல் 'பார்த்தேன், பிடித்தது' என்று ஆள் எடுத்தால் நீதிமன்றப் படி ஏறவேண்டியதுதான்.

எங்கள் காலத்தில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் டோப்போஷீட்டை மேசையில் போட்டு, இரண்டு புள்ளி குத்தி, இங்கிருந்து அது தெரியுமா தெரியாதா என்று கேட்போம். குறுக்குவெட்டு வரையாமல் சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பிக்சல் பொன்னி:

எல்லோரும் சேர்ந்து ஜிஐஎஸ் ஆட்களைப் போட்டு மிதிக்கிறீர்கள், சரி, நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

என் ஆய்வேட்டுத் தலைப்பும் ஒரு தாலுகா பெயரில்தான் ஆரம்பிக்கும். ஏன் தெரியுமா? எனக்கு உதவித்தொகை கிடையாது, துறையில் வண்டி கிடையாது, மண்ணைத் துளைத்து எடுக்கிற ஆகர் கிடையாது, சல்லடைத் தொகுதியில் மூன்று சல்லடை காணோம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் 2008-இல் இருந்து இலவசம், சென்டினல் பத்து மீட்டர் படம் 2015-இல் இருந்து இலவசம், கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள் இலவசம். எது இலவசமோ அதை வைத்துத்தான் ஏழை வீட்டுப் பெண் முனைவர் பட்டம் வாங்க முடியும். கையில் மண்ணைப் பிசைந்து ஆராய்ச்சி செய்யப் பணக்காரத் துறை வேண்டும். இதே ஆட்கள் எங்களைக் களத்துக்கு அனுப்பாமல் படிக்க வைத்துவிட்டு, இன்றைக்கு 'களம் தெரியாது' என்று விண்ணப்பத்தை ஒதுக்கினால் எப்படி?

மலைச்சரிவு எங்கே வரும் என்று வரைபடம் போடுவது யார்? ஓடைக்கரையில் நிற்கிற மாஷா?

கரிசல்காரன்:

பொன்னி மேடம், சுருக்கென்று தைத்தது. ஒதுக்கவில்லை. அழைக்கப்போகும் ஆறு பேரில் நான்கு பேர் உங்கள் வகைதான்.

தேவிகுளத்தான்:

மேலே ஒருவர் மலைச்சரிவு என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். நான் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவன், மூணாறு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் உருள்பொட்டி, அதாவது மலைச்சரிவு வந்து, 70 பேர் போனார்கள், எல்லாம் நம்ம ஆட்கள், கயத்தாறு பக்கம் இருந்து தேயிலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கரண்டும் போனும் இல்லாமல் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. லயம் இருந்த இடம் ஓடைக்குப் பக்கம். மேலே மலைச்சரிவில் அந்தக் குழிவான இடத்தில் மண் எவ்வளவு தடிமன், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்க்கிற கண் ஒருத்தருக்காவது இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பொன்னி அக்கா சொல்கிற வரைபடமும் வேண்டும்தான். ஆனால் வரைபடத்தில் சிவப்பாக இருக்கிற இடத்துக்குப் போய், அங்கே இருக்கிற பாட்டியிடம் தமிழில், 'ஊற்று திடீரென்று கலங்கினால், கதவு இறுகினால், மரம் சாய்ந்தால் வெளியே வாருங்கள்' என்று சொல்ல ஆள் வேண்டும். உங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஆசிரியருக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் வருமா என்று பார்க்கிறீர்களா?

கரிசல்காரன்:

பாதிக்குப் பாதி. வகுப்பு ஆங்கிலத்தில் என்று தாளில் இருக்கும், நடப்பதெல்லாம் மூன்றும் கலந்த கஞ்சி. மொழியைத் தகுதியாகப் போட எங்களுக்கு அதிகாரம் இல்லை, ஆனால் மாதிரி வகுப்பை எங்கள் பிள்ளைகளுக்கே எடுக்கச் சொல்லப்போகிறேன், அவர்களுக்குப் புரிந்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லைத் தலைவலி இன்னொன்று. 23 பேரில் எட்டுப் பேர் தமிழ்நாட்டு செட் தேர்ச்சி. 2002 ஜூன் 1-க்குப் பிறகு எழுதிய மாநிலத் தகுதித் தேர்வு அந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும். வாளையார் சோதனைச்சாவடி தாண்டினால் அது வெறும் தாள். வேறு இருவர் 'கேரளா செட்' என்று போட்டிருந்தார்கள், சந்தோஷமாகப் பார்த்தால் அது மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கானது! பெயர் ஒன்று, தேர்வு வேறு. இது தெரியாமல் பணம் கட்டி விண்ணப்பித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நெட் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

குப்பத்து ஆள்:

இங்கேயும் அப்படித்தான், ஏபி செட் வைத்துக்கொண்டு வாணியம்பாடியில் வேலை கேட்க முடியாது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் முப்பது கிலோமீட்டர், நடுவில் ஒரு மாநில எல்லை. சாதிச் சான்றிதழும் அதே கதை. அந்தப் பக்கம் வாங்கியதைக் காட்டினால் இந்தப் பக்கம் பொதுப் பிரிவில் வை என்பார்கள்.

வழிப்போக்கி:

நான் இரண்டு வருடம் முன்பு இந்த மாதிரி ஒரு நேர்காணலுக்குப் போனேன். எந்த ஊர் என்று வேண்டாம். நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பற்றி ஆய்வு செய்தவள் நான், நான்கு வருடம் ஓடை ஓடையாக நடந்தவள். குழு கேட்ட முதல் கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா. இரண்டாவது, களப்பயணம் போனால் மாமியார் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா. மூன்றாவது கேள்விக்கு நான் இருக்கவில்லை. இருந்தேன், உடம்பு இருந்தது, மனம் பஸ் ஏறிவிட்டது.

கரிசல்காரன் சார், உங்கள் அச்சடித்த தாளில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேலைக்கு எடுத்த பிறகு அந்தப் பெண்ணை நாற்பது பிள்ளைகளோடு தனியாக அனுப்பாதீர்கள். கூட இன்னொரு ஆசிரியர், வண்டி, கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவது, இதெல்லாம் துறைத்தலைவர் வேலை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. சனிக்கிழமை களம் அந்தக் கணக்கில் வருமா வராதா என்று எழுத்தில் கொடுங்கள். 'சேவை மனப்பான்மை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பேர் வேண்டாம்:

எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரி ஒன்றில் நேர்காணல் முடிந்த மறுநாள் போன் வந்தது. கேரளத்தில் 1972-இல் இருந்து தனியார் கல்லூரிக்குச் சம்பளம் அரசு நேரடியாகக் கொடுக்கிறது, நியமனம் மட்டும் நிர்வாகம் செய்கிறது. அந்த 'மட்டும்'க்கு ஒரு தொகை கேட்டார்கள். என் அப்பா இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றாலும் வராது. இப்போது பொள்ளாச்சியில் கோச்சிங் சென்டர் நடத்துகிறேன். அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற அளவுகோல்:

வழிப்போக்கி அம்மா சொன்னதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். தம்பி, ஒன்று விட்டுவிட்டேன். களத்தில் வைத்துக் கேட்பதாக இருந்தால், நடக்க முடியாத விண்ணப்பதாரர் இருக்கிறாரா என்று முன்பே பாருங்கள். மண்ணைத் தட்டில் அடுக்கு மாறாமல் எடுத்து உள்ளேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காரன்:

முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன். ஆட்களின் ஊர், மதிப்பெண் எதுவும் கேட்காதீர்கள்.

ஆறு பேரை அழைத்தோம், ஐந்து பேர் வந்தார்கள். ஆறாமவர் ஆந்திரச் சித்தூருக்குப் போய்விட்டாரோ என்று பயந்து விசாரித்தேன், இல்லை, வேறு வேலை கிடைத்துவிட்டது.

வளாக வாசலுக்கு வெளியே குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் ஒன்று மூடாமல் கிடந்தது, இடுப்பளவு ஆழம். ஒப்பந்தக்காரரிடம் கெஞ்சி இரண்டு நாள் அப்படியே விடச் சொன்னேன். மேலே இரண்டடி கறுப்பு, அதற்குக் கீழே பழுப்பில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்), அடியில் மக்கிப்போன நைஸ் பாறை தலைகாட்டுகிறது. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். எல்லோருக்கும் ஒரே கேள்வி: இங்கே பாசால்ட் (எரிமலைப் பாறை) கிடையாது, கரிசல் எப்படி வந்தது? பத்து நிமிடம் எங்களுக்கு, அடுத்த பத்து நிமிடம் முதலாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளி நிபுணர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு, 'இதெல்லாம் தேவையா' என்ற முகத்தோடு வந்தார்.

முதல் ஆளிடம் 11 கட்டுரை. கறுப்பைப் பார்த்ததும் தக்காணப் பீடபூமி, எரிமலைக் குழம்பு என்று ஆரம்பித்துவிட்டார். கேள்வியிலேயே பாசால்ட் கிடையாது என்று சொல்லியிருக்கிறோம்! அடியில் இருக்கிற பாறையைக் காட்டினேன். போனில் படம் பிடித்துக்கொண்டு, 'லேபில் பார்த்துச் சொல்கிறேன்' என்றார். இரண்டாமவருக்குப் பாடம் கரைபுரண்டது, எல்லாம் சரி, ஆனால் பள்ளத்தின் விளிம்பை விட்டு இறங்கவில்லை. ஷூ புதுசு. மூன்றாமவர் நேர்மையாகத் தெரியாது என்றார், எனக்கு அவரைப் பிடித்தது.

நான்காவது ஒரு பெண். 'இறங்கலாமா சார்?' என்று கேட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். நகத்தால் ஒரு கட்டியைப் பெயர்த்து, பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, புரோட்டாவுக்கு மாவு பிசைகிற மாதிரி உள்ளங்கையில் பிசைந்தார். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி மேலே தள்ளினார். இரண்டு அங்குலம் தாண்டியும் ஒடியவில்லை. அப்புறம் எங்களைப் பார்க்கவே இல்லை. பையன் கையிலும் பெண் கையிலும் ஆளுக்கொரு உருண்டை கொடுத்து நீங்களும் செய்யுங்கள் என்றார். 'உங்கள் வயலில் கோடையில் வெடிப்பு எவ்வளவு இருக்கும்?' எருத்தேம்பதிப் பையன் கையை மணிக்கட்டு வரை காட்டினான். 'சரி, இந்த மண் குடித்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஏன் இங்கே மட்டும்?' என்று கேட்டுவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போய் அரை எலுமிச்சம்பழம் வாங்கி வந்து ஒரு சுக்கான் கல்லில் பிழிந்தார். 'காதைக் கிட்டே வையுங்கள்' என்றார். குடை பிடித்த நிபுணரும் குனிந்தார். மெல்லிசாகச் சொர்ர்ர் என்று ஒரு சத்தம், சோடா அடங்குகிற மாதிரி.

அப்புறம் சொன்னார்: இந்தப் பக்கம் மழை குறைவு, பாறையில் இருந்து வந்த சுண்ணாம்பு கழுவிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது, தண்ணீர் வடியாத பள்ளத்தில் வீங்குகிற களிமண் உண்டாயிற்று. இதே கணவாயில் மேற்கே ஒற்றப்பாலம் பக்கம் போங்கள், மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய் வெட்டுக்கல் (செம்புரைக்கல்) மட்டும் மிச்சம் இருக்கும். பஸ்ஸில் போகும்போது வீட்டுச் சுவரைப் பாருங்கள், எங்கே செங்கல் நின்று வெட்டுக்கல் ஆரம்பிக்கிறதோ அந்த ஊர் பேரை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமும் கொடுத்துவிட்டார். வேலை இன்னும் கிடைக்கவில்லை!

ஐந்தாமவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பெண்ணுக்குப் பின் வரும் யாருக்கும் அது கஷ்டம்.

ஏழாவது நெட்:

ஆக எலுமிச்சம்பழம் பிழிந்தால் வேலை. 11 கட்டுரை எழுதினவனுக்கு என்ன மரியாதை சார்? அவன் ஐந்து வருடம் தூங்காமல் எழுதியிருப்பான்.

கரிசல்காரன்:

அந்த 11 கட்டுரையால்தான் பட்டியலில் முதலில் வந்தார் தம்பி, அதற்கான மரியாதை அதோடு கொடுத்தாயிற்று. அந்தப் பெண்ணுக்குக் கட்டுரை ஒன்றே ஒன்றுதான். நிலத்தின் உயரத்தைக் கணினியில் எண்ணாக வைத்திருக்கும் உயர மாதிரியில் இருந்து சரிவுக் கணக்கு எடுக்கத் தெரியுமா என்று நிபுணர் கேட்டபோது, 'நிறம் பூசத் தெரியும் சார், கணக்கு இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று சொல்லிவிட்டார். அதற்கு மதிப்பெண்ணும் குறைந்தது. குழுவில் இரண்டு பேர் கடைசி வரை முதல் ஆள்தான் என்றார்கள். தாளைக் கூட்டிப் பார்த்தபோது மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் இவர் முன்னால் இருந்தார்.

பிக்சல் பொன்னி:

நான் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருப்பேனா என்று நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். இறங்கியிருப்பேன், ஆனால் இறங்கி என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. சரிவுக் கணக்கு நான் சொல்லித்தருகிறேன் சார், ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில், காசு வேண்டாம். பதிலுக்கு அந்த நாடா வித்தையை எனக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

குப்பத்து ஆள்:

வேலையில் சேர்ந்தாரா இல்லையா? அதைச் சொல்லாமல் இழுக்கிறீர்களே.

கரிசல்காரன்:

சேர்ந்துவிட்டார், நேற்று. நடுவில் மூன்று வாரம் ஈக்விவலன்சி சான்றிதழுக்கு அலைய விட்டோம், அவருடைய முதுகலைப் பட்டம் வெளி மாநிலம், பெயரில் 'பயன்பாட்டுப் புவியியல்' என்று ஒரு சொல் கூடுதல். அது புவியியல்தான் என்று ஒரு தாள் வரவேண்டுமாம். கடைசியில் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்தோம். சம்பளத்தைக் கூட்டக் கேட்டுக் கோப்பு போட்டிருக்கிறேன், ஏழாவது நெட் தம்பி சொன்ன அந்த விதியை அப்படியே எடுத்து எழுதி. என்ன ஆகும் என்று பார்ப்போம். சனிக்கிழமை களம் 16 மணி நேரத்துக்குள் என்று எழுத்தில் கொடுத்தாயிற்று.

முதல் நாளே பீரோவைத் திறந்து ஸ்டீரியோஸ்கோப்பின் காலைச் சைக்கிள் கடையில் வைத்துச் சரி செய்துவிட்டார். மண் ஆகர் ஒன்று, சரிவு அளக்க ஆப்னி லெவல் ஒன்று வேண்டும் என்றார். அலுவலகத்தில் மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற அளவுகோல்:

ஆப்னி லெவல் என்னிடம் ஒன்று இருக்கிறது. பித்தளை, தோல் உறையோடு, குமிழி இன்னும் சரியாக நிற்கும். பார்சலில் அனுப்ப மாட்டேன், ஆள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நான் வருகிறேன். அந்தப் பெண்ணையே அனுப்புங்கள், திருப்பிக் கொடுக்கும் தேதி எழுதித்தரச் சொல்ல மாட்டேன்.